கலக்கி ஓடாத நாள்

இன்று காலை ஆய்வகத்து வெள்ளை அங்கியைத் துவைக்கப் போட எடுத்தேன். பையிலிருந்து ஏதோ ஒன்று டிக்கென்று தரையில் விழுந்து உருண்டது. சத்தத்தைக் கேட்டதுமே என்னவென்று தெரிந்துவிட்டது. உடனே கண்களை இறுக மூடிக்கொண்டு குனிந்து தரையைக் கையால் தடவத் தொடங்கினேன். அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"என்னா ஸ்டெல்லா இது? கண்ண மூடிக்கிட்டு தேடுனா எப்படி கெடைக்கும்?"

கண்ணைத் திறந்தேன். சலவை இயந்திரத்தின் காலடியில் வெள்ளையாக, ஒரு அரிசிமணி அளவில் கிடந்தது. நாம் 'அரிசி' என்று பெயர் வைத்த அந்தக் காந்தத் துண்டுதான். கண்ணாடிக் குப்பிக்குள் கிடந்து சுழன்று, உள்ளே இருக்கும் திரவத்தைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டிய சாமான். எட்டு மாதமாக என் அங்கிப் பையில் சும்மா கிடந்திருக்கிறது. நீ போனதும் எட்டு மாதத்துக்கு முன்னால்தான்.

பழக்கதோஷம் என்று அம்மாவிடம் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்கும். அதனால்தான் துணியை அப்படியே போட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நாம் இருவரும் ஒரே நாளில் ஆராய்ச்சி மாணவிகளாக அந்த லேசர் அறைக்குள் போனோம். கதவோரம் ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது. மோதிரம், வளையல், கைக்கடிகாரம், சங்கிலி என்று மினுக்குவது எதுவாக இருந்தாலும் கழற்றி அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒளி அதில் பட்டுத் தெறித்தால் யார் கண்ணுக்குப் போகும் என்று சொல்ல முடியாது. நான் சிலுவைச் சங்கிலியைக் கழற்றிப் போட்டேன். நீ மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இத கழட்ட மாட்டேன், அம்மா போட்டது" என்றாய். பாதுகாப்பு சொல்லிக் கொடுக்க வந்தவர் முறைத்தார். நீ மேசை மேல் இருந்த கறுப்பு டேப்பில் பொட்டளவு கிழித்து மூக்குத்தி மேல் ஒட்டிக்கொண்டு, "இப்ப போலே தானே? உள்ள போலாம்ல?" என்று கேட்டாய். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து நாலு வருடம், தினமும் காலையில் மூக்கில் ஒரு கறுப்புப் புள்ளியோடு வேலை செய்தாய்.

இன்னொரு விதியும் அன்று சொன்னார். லேசர் ஒளி மேசைக்கு ஒரு சாண் மேலே ஒரே மட்டத்தில் போய்க்கொண்டிருக்கும். தலையை அந்த உயரத்துக்குக் கொண்டுபோகவே கூடாது. கீழே எது விழுந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு குனிய வேண்டும், நிமிர்ந்த பிறகுதான் திறக்க வேண்டும். அந்த ஒளி பார்ப்பதற்கு மங்கலான சிவப்பாக, சாகப்போகிற டார்ச் லைட்டைப் போல இருக்கும். அது நம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நிறம் என்பதால்தான் மங்கலாகத் தெரிகிறது, உண்மையில் அதன் பலம் விழித்திரையில் ஓட்டை போடக்கூடியது என்றார். "வலிக்குமா?" என்று கேட்டேன். வலிக்காது என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி என்பது உனக்குத் தெரியும். லிஃப்ட் பயம், பல்லி பயம், கெலாங் பாத்தா தாண்டி சிங்கப்பூர்ப் பாலத்தில் லோரிகளுக்கு நடுவே கார் ஓட்டப் பயம். அன்று வெளியே வந்ததும் இந்தப் படிப்பே வேண்டாம் என்று உன்னிடம் அழாத குறையாகச் சொன்னேன். நீ லேசர் ஒளியைத் தடுக்கிற என் பச்சைக் கண்ணாடியை எடுத்து என் மூக்கில் மாட்டிவிட்டு ஒன்று சொன்னாய்.

"பயப்படு டீ, பரவால்ல. பயப்படாதவதான் கண்ணாடி போட மறப்பா. பயந்துகிட்டே வேலையப் பாரு."

நாம் பார்த்த வேலையை அம்மாவுக்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். ஈய சல்ஃபைடு நானோ துகள்கள். குப்பியில் பார்த்தால் பால் விடாத கோப்பி ஓ மாதிரிதான் இருக்கும். ஒரு துகள் மேல் ஒளி பட்டால் உள்ளே ஓர் எலெக்ட்ரான் துள்ளி மேலே போகும், அது இருந்த இடத்தில் ஒரு துளை விழும். பிறகு இரண்டும் திரும்பச் சேரும், அல்லது துகளின் ஓரத்தில் எங்காவது போய்ச் சிக்கிக்கொள்ளும். ஒரு விநாடியை லட்சம் கோடியாக வெட்டினால் வருகிற துண்டுதான் பிகோ விநாடி. அதைக் கொண்டுதான் இதையெல்லாம் அளக்க வேண்டும். அதற்கு எந்தக் கேமராவும் கிடையாது. அதனால் இரண்டு ஒளித் துடிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவோம். முதலாவது துகளை அடித்து எழுப்பும். இரண்டாவது கொஞ்சம் பிந்திப் போய், இப்போது எப்படி இருக்கிறாய் என்று கேட்டு வரும். எவ்வளவு பிந்த வேண்டும் என்பதைத் தண்டவாளத்தில் ஓடுகிற ஓர் ஆடி தீர்மானிக்கும். அந்த ஆடியை ஒரு தலைமுடி அகலம் பின்னால் தள்ளினால் அரை பிகோ விநாடி கூடும்.

அம்மா இவ்வளவையும் கேட்டுவிட்டு, "இத அளந்து என்னா ஆகப் போகுது?" என்பார். சூரிய மின்தகடுக்கு ஆகும் என்று சொல்வேன். வழக்கமாக ஓர் ஒளித்துணுக்கு ஓர் எலெக்ட்ரானைத்தான் எழுப்பும். இந்தத் துகள்களில் ஒன்றுக்கு இரண்டு எழும்பினால் அதே வெயிலில் கூடுதல் மின்சாரம் கிடைக்கும். அதைத்தான் பேராசிரியர் நாலு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

குப்பிக்கு அடியில் இருந்து அரிசியைச் சுழற்றுகிற கலக்கி எதற்கு என்று அம்மாவுக்கு நான் சொன்னதில்லை. சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டி வரும்.

துடிப்புகள் விநாடிக்கு ஆயிரம் தடவை ஒரே இடத்தில் வந்து விழும். திரவத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு தடவையும் புதுத் துகள்கள் வந்து நிற்கும். கலக்காவிட்டால் அதே துகள்கள்தான் அடிவாங்கிக்கொண்டிருக்கும். சிலவற்றில் மின்னூட்டம் தங்கிவிடும், அடுத்த அடிக்குள் அவை தேறி எழுந்திருக்காது. அப்படிப்பட்ட துகளை அடித்தால் உள்ளே போன சக்தி சடாரென்று வடிந்துவிடும். திரையில் வரும் கோடு செங்குத்தாக விழும். ஒன்றுக்கு இரண்டு எலெக்ட்ரான் எழும்பினாலும் கோடு அதே மாதிரிதான் விழும். வித்தியாசம் தெரியாது. "களைச்சுப் போனவன எழுப்பி எழுப்பி கேட்டா கோணையாத்தான் பதில் சொல்வான்" என்று நீ சொல்வாய்.

அதனால்தான் நம் பதிவுப் புத்தகத்தில் நீ தனியாக ஒரு கட்டம் போட்டாய். தேதி, சாம்பிள், ஒளியின் அளவு, கடைசியில் கலக்கி. ஓடினால் ஒரு கோடு, நின்றிருந்தால் ஒரு வட்டம், சுவிட்சில் இருக்குமே அதேபோல. யார் அளந்தார்களோ அவர்கள்தான் அந்த வரிசையை நிரப்ப வேண்டும், இன்னொருத்தர் கை வைக்கக் கூடாது. ஓரத்தில் குறிப்புகளைத் தமிழில் எழுதுவாய். பேராசிரியர் அதைப் பார்த்து, எனக்குத் தெரியாமல் என்னைத் திட்டி எழுதுகிறீர்களா என்று கேட்பார். சில நாள் அப்படித்தான் எழுதியிருந்தாய்.

இனி அந்த நாள். உன் தங்கையின் திருமணப் பதிவுக்கு நீ பண்டார் தெங்காராவுக்குப் போயிருந்தாய். நான் தனியாக இருந்தேன். மாலை மூன்று மணிக்குப் பேராசிரியரைப் பார்க்க வேண்டும், கையில் காட்ட ஒன்றுமில்லை. அரிசி குப்பிச் சுவரில் முட்டி முட்டி ஒளியைச் சிதறடித்துக்கொண்டிருந்தது. அளவுகள் குப்பையாக வந்தன. எரிச்சலில் கலக்கியை நிறுத்தினேன். சத்தியமாக, இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத்தான் நிறுத்தினேன். திரும்ப ஓடவிட வேண்டும் என்று நினைத்தேன், மறந்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரையைப் பார்த்தால் கோடு செங்குத்தாக விழுந்திருந்தது. இரைச்சல் கொஞ்சமும் இல்லாமல் அவ்வளவு சுத்தமாக ஒரு கோட்டை நான் அதுவரை பார்த்ததில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு ஓடினேன். வரிசையை அவசரமாக எழுதியதில் கடைசிக் கட்டம் காலியாக நின்றுவிட்டது.

பேராசிரியர் பார்த்துவிட்டு "பகுஸ், பகுஸ்" என்றார். அவர் ஒருவரை ஒரு தரம் பாராட்டினாலே பெரிய காரியம், இரண்டு தரம் சொன்னார். அந்த வாரமே என் ஆய்வேட்டின் நாலாம் அத்தியாயம் அதுதான் என்று முடிவாயிற்று. வீட்டில் சொன்னேன். தெப்ராவில் தொழிற்சாலைக்குப் போகும் என் அப்பா, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று, என் மகள் புதுசாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். நீ மட்டும் அந்தக் கோட்டை ரொம்ப நேரம் பார்த்தாய். "நல்லா வந்திருக்கு லா" என்றாய்.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை. நீ அதே அளவைத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தாய். நான் உள்ளே வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு உன் பக்கத்தில் நின்றேன்.

"ஸ்டெல்லா, கோடு விழல."

"சாம்பிள் பழசா இருக்கும்."

"காலையில செஞ்சது. புது சாம்பிள்."

"பவர் கொறஞ்சிருக்கும்."

"பவர் அதேதான். நாலு தரம் பாத்துட்டேன்."

நீ கையை நீட்டிக் கலக்கியை நிறுத்தினாய். இருவரும் திரையைப் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் கோடு சரியத் தொடங்கியது. பிறகு என் கோட்டைப் போலவே செங்குத்தாக விழுந்தது. பச்சைக் கண்ணாடிக்குப் பின்னால் உன் கண் தெரியவில்லை, அந்தக் கறுப்புப் புள்ளி மட்டும் தெரிந்தது.

"அன்னைக்கு கலக்கி ஓடுச்சா?"

"ஓடுச்சு."

யோசித்துச் சொல்லவில்லை. நீ கேட்டு முடிப்பதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது. அதுவரை நான் செய்தது பிழை. அந்த ஒரு சொல்லிலிருந்து அது வேறாகிவிட்டது. நீ பதிவுப் புத்தகத்தைத் திறந்து என் வரிசையில் இருந்த காலிக் கட்டத்தின் மேல் விரலை வைத்தாய். நான் பார்க்காத மாதிரி நின்றேன்.

வெளியே மோட்டார் நிறுத்துமிடத்தில் வைத்துத்தான் பேசினாய். மழை வரும்போல இருந்தது. நீ ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாய்.

"தப்பு பண்ணது பெருசில்ல டீ. எல்லாரும் பண்றதுதான், நானும் பண்ணியிருக்கேன். வியாழக்கிழமைக்குள்ள ப்ரொஃபஸர்கிட்ட சொல்லிடு."

"அப்பா ஊரெல்லாம் சொல்லிட்டாரு. எனக்கு பயமா இருக்கு."

"தெரியும்."

"நான் சொல்லலன்னா என்னா பண்ணுவ? நீ போய் சொல்லுவியா?"

"அது உன் வரிசை. நான் எப்படி எழுதுறது?" ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாய். "நீ சொல்லுவ லா."

அந்த மூன்று நாளும் உன்னை எவ்வளவு வெறுத்தேன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். உன் மோட்டார் சத்தம் கேட்டால் பின்பக்கப் படி வழியாக இறங்கிப் போனேன். புதன்கிழமை உனக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டபோது, அப்பாடா, வியாழக்கிழமை வர மாட்டாய் என்றுதான் நினைத்தேன். டெங்கி என்று பிறகு தெரிந்தது. மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். எல்லாரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். நான் போகவில்லை. போனால் நீ கேட்பாய்.

போகாமலே கேட்டாய். சனிக்கிழமை உன்னிடமிருந்து செய்தி வந்தது. 'பிளேட்லெட் எறங்கிக்கிட்டே போகுது. பப்பாளி எலச் சாறு கசந்து சாகடிக்குது. நீ சொல்லிட்டியா?'

'நாளைக்கு சொல்றேன். நீ ரெஸ்ட் எடு' என்று பதில் போட்டேன். அதுதான் உனக்கு நான் கடைசியாக எழுதியது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கேன்டீனில் மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உன் தங்கை கூப்பிட்டாள். "ஸ்டெல்லாக்கா, அக்கா போயிட்டாங்க" என்றாள். எனக்கு அழுகை வந்தது. நிஜமான அழுகைதான், கேன்டீனே திரும்பிப் பார்த்தது. ஆனால் அழுகைக்கு முன்னால் இன்னொன்று வந்தது. இனி யாருக்கும் தெரியாது என்று ஒரு நிம்மதி. வந்தது, போய்விட்டது. கண் சிமிட்டும் நேரம்கூட இருக்காது.

வேறு யாராவது என்றால் அவ்வளவு சின்ன நேரத்தில் வந்து போனதை இல்லை என்றே சொல்லிவிடலாம். நான் எப்படிச் சொல்வது? கண் சிமிட்டுவதற்குள் நடந்து முடிந்துவிடுகிறவற்றை அளப்பதுதானே நம் தொழில். அந்த நிம்மதி வந்தது எனக்குத் தெரியும். எட்டு மாதமாக எனக்கு என்னைப் பார்த்தே பயமாக இருக்கிறது. லேசரைப் பார்த்துக்கூட இப்படிப் பயந்ததில்லை.

பண்டார் தெங்காராவுக்கு நான் முதல் தடவையாக வந்தது உன் இறுதிச் சடங்குக்குத்தான். நாலு வருடமாக நீ கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். வழி நெடுக இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்கள், முடியவே முடியாது என்பதுபோல வந்துகொண்டே இருந்தன. வீட்டுக்குள் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். மூக்குத்தியை மட்டும் கழற்றக் கூடாது என்று உன் அம்மா சொல்லிவிட்டாராம். ட்யூப் லைட் வெளிச்சத்தில் அது பளிச்சென்று மின்னியது. டேப் இல்லாமல் அதை நான் ஆய்வகத்தில் பார்த்ததே இல்லை. சட்டென்று தலையைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, துக்கம் தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டதாக நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார். அவரிடம் என்னத்தைச் சொல்வது?

முப்பதாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். தெப்ராவில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பழ லோரி வந்து நின்றது. செம்பனைக் குலைகள் நிறைய இருந்தன. உன் அப்பா இறங்கினார். ஆலைக்குப் பழம் ஏற்றிப்போகிற வழியை விட்டு இவ்வளவு தூரம் சுற்றி வந்திருக்கிறார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் நம் பதிவுப் புத்தகம்.

"பாப்பா பேக்குல இருந்திச்சி. இது உங்க ஆபீஸ் பொஸ்தகம் தானம்மா? அங்க யார்கிட்ட குடுக்குறதுன்னு தெரியல. நீதான் அவளுக்கு கூட்டாளி, அதான் ஒங்கிட்டயே குடுத்துட்டுப் போலாம்னு."

"சரி அங்கிள்."

"முக்கியமா ஏதும் இருக்காம்மா இதுல?"

"இல்ல அங்கிள். சும்மா கணக்குதான்."

தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். லோரி திரும்பும்போது ஒரு குலையிலிருந்து பழங்கள் உதிர்ந்து எங்கள் வாசலில் சிதறின. அன்று சாயங்காலம் வரை அவற்றைப் பொறுக்கப் போகவில்லை. புத்தகத்தை அந்தப் பிளாஸ்டிக் பையோடு அலமாரியின் அடித்தட்டில், கிறிஸ்துமஸ் அலங்காரச் சாமான்களுக்குப் பின்னால் வைத்தேன். திறக்கவில்லை. நீ கடைசி நாட்களில் அதில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருப்பாய் என்று நினைத்தேன். நான் பொய் சொன்னேன், நீ கேட்டாய், நான் தலையைத் திருப்பிக்கொண்டேன், எல்லாம் உன் குண்டுக் கையெழுத்தில். புத்தகம் எங்கே என்று ஆய்வகத்தில் தேடியபோது தெரியாது என்றேன். அதோடு எத்தனை பொய் ஆயிற்று என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். நாலாம் அத்தியாயம் அப்படியே இருக்கிறது. முன்னுரையில் உனக்கு நன்றி சொல்லி ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். எல்லாரும் அதை உருக்கமாக இருக்கிறது என்றார்கள். வரும் வியாழக்கிழமை வாய்மொழித் தேர்வு. அப்பா புதுச் சட்டை வாங்கிவிட்டார்.

போன வாரம் பேராசிரியர் எனக்கு ஒரு மின்னஞ்சலை அனுப்பினார். என் மாநாட்டு உரையைக் கேட்ட வேறு ஓர் ஆய்வகத்துக்காரர்கள் அதே துகளை வைத்து மாதக்கணக்காக முயன்றுகொண்டிருக்கிறார்களாம். கோடு விழவில்லையாம். நாங்கள் என்ன தப்புச் செய்கிறோம் என்று தயவுசெய்து சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்கள். முறையை விளக்கிப் பதில் போடச் சொன்னார் பேராசிரியர். உட்கார்ந்தேன். சாம்பிள் தொடர்ந்து கலக்கப்பட்டது என்று எழுத வேண்டிய இடத்தில் விரல் நின்றுவிட்டது. முன்பின் தெரியாத யாரோ ஒருவர் தினமும் காலையில் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, இருட்டறைக்குள் போய், தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டு கலக்கியைச் சரிபார்க்கிறார். அந்தக் கடிதம் இன்னும் பாதியில் கிடக்கிறது. மாட்டிக்கொள்வேன் என்ற பயம் ஒரு பக்கம், மாட்டிக்கொள்ளாமலே போய்விடுவேனோ என்ற பயம் இன்னொரு பக்கம். ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

இந்த நிலையில்தான் இன்று காலை அரிசி விழுந்தது. அன்று நீ கலக்கியை நிறுத்திக் காட்டினாயே, அந்தக் குப்பியிலிருந்து கழுவி எடுத்த அரிசி. உன் கண்ணில் படக்கூடாது என்று நான்தான் பையில் போட்டு ஒளித்தேன், குழந்தை மாதிரி. அதை ஒளித்துவிட்டால் நடந்தது நடக்கவில்லை என்றாகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

அலமாரியைத் திறந்தேன். காகித நட்சத்திரங்களையும் பல்பு மாலையையும் ஒதுக்கிவிட்டுப் புத்தகத்தை எடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு திறந்தேன். நீ எழுதியிருப்பாய் என்று நான் பயந்த எதுவும் அதில் இல்லை. என்னைப் பற்றி ஒரு குற்றச்சாட்டும் இல்லை. திங்கட்கிழமை நீ எடுத்த அளவுகள் உன் வரிசைகளில் இருந்தன. கோடு, கோடு, கோடு, கோடு, கடைசியில் நீ நிறுத்திக் காட்டியதற்கு ஒரு வட்டம். இரண்டு வாரம் முந்திய என் வரிசையில் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. பக்கத்தில், ஓரத்தில், பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தாய். கீழே புதன்கிழமைத் தேதி. காய்ச்சலோடு எழுதியிருக்கிறாய், எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தது.

'ஸ்டெல்லா எழுதுவாள்.'

எட்டு மாதம் அலமாரிக்குள் இதைத்தான் பூட்டி வைத்திருந்தேனா? எதற்குப் பயந்து உன் கட்டிலருகே வராமல் இருந்தேனோ, நீ அங்கே படுத்துக்கொண்டு இதைத்தான் நம்பிக்கொண்டிருந்தாயா? தரையில் உட்கார்ந்து அழுதேன். சத்தம் கேட்டு அம்மா வந்தார்.

"அம்மா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"ஐயோ, லேசர் கண்ணுல பட்டுடுச்சா?"

"இல்லம்மா."

எல்லாவற்றையும் சொன்னேன். கலக்கியை, கோட்டை, உன்னை, கேன்டீனில் வந்து போன அந்த நிம்மதியைக்கூட. அதைச் சொன்னபோது அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ எழுத வேண்டியத எழுது" என்று சொல்லிவிட்டு, நான் பாதியில் விட்ட துணிகளைப் போடப் போய்விட்டார்.

பேனாவை எடுத்தேன். அந்தக் கட்டத்தில் ஒரு வட்டம் போட்டேன். பக்கத்தில் இன்றைய தேதி, என் கையெழுத்து. வட்டம் சரியாக முட்டவில்லை, ஆனால் வட்டம்தான் என்று யாருக்கும் தெரியும். படம் எடுத்துப் பேராசிரியருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கலக்கி ஓடவில்லை, அது எனக்குத் தெரிந்தும் மறைத்தேன், என் தோழி கண்டுபிடித்து என்னைச் சொல்லச் சொன்னாள் என்று கீழே எழுதினேன். உன் பெயரையும் எழுதினேன். கண்டுபிடித்தவள் நீ. அதை உன்னிடமிருந்து எட்டு மாதமாக நான் எடுத்து வைத்திருந்தேன்.

பார்த்துவிட்டார். நீலக் குறி விழுந்து இதோடு இருபது நிமிடம் ஆகிறது. பதில் இல்லை. வியாழக்கிழமை தேர்வு இருக்குமா என்று தெரியாது. பட்டம் கிடைக்குமா, அந்த அறைக்குள் திரும்ப விடுவார்களா என்று தெரியாது. அப்பா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலை எட்டிப் பார்க்கிறேன். அந்த வெளியூர் ஆய்வகத்துக்குப் போக வேண்டிய கடிதம் இனி இரண்டு வரிதான், இதை முடித்ததும் எழுதிவிடுவேன். பிறகு ஒரு நாள் உன் அப்பாவைப் பார்த்து, அந்தப் புத்தகத்தில் முக்கியமான ஒன்று இருந்தது அங்கிள் என்று சொல்ல வேண்டும்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த அரிசியும் ஒரு பென்சில் வரியும்தான். பயம் என்னுடையது, அது என்னை விட்டுப் போகாது. பயந்துகிட்டே வேலையப் பாரு என்று நீ சொன்னது அதைச் சுமப்பதற்குப் போதும் என்று நினைக்கிறேன்.

தொலைபேசி அடிக்கிறது. பேராசிரியர்தான். பயமாக இருக்கிறது டீ, அந்த முதல் நாளைவிட அதிகமாக. அரிசி இடக்கைக்குள் இருக்கிறது. உன் பென்சில் எழுத்தை நான் அழிக்கவில்லை, வட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

எடுக்கிறேன்.